தினமும் நாலு நிமிஷம் முன்னால் வரும் ஆசாமி!

'உங்கள் நட்சத்திரம் என்ன?' என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவீர்கள். மகம், மூலம், கேட்டை, பூராடம் என்று. 'சரி, அது வானத்தில் எங்கே இருக்கு, காட்டுங்க பார்க்கலாம்' என்றால் பேந்தப் பேந்த முழிப்போம். ஜோசியரைக் கேட்டால் கட்டத்தைக் காட்டுவார். வானத்தைக் காட்ட மாட்டார். அது அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

இந்த 27 பேர் லிஸ்டில் சேராத ஒரு நட்சத்திரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. யார் ஜாதகத்திலும் வராது. கல்யாணப் பொருத்தத்தில் மூக்கை நுழைக்காது. மாமியாருக்கு ஆகாது, மாமனாருக்கு ஆகாது என்று எந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் கெடுத்ததில்லை. காரணம் சிம்பிள்: அந்த 27-ம் சந்திரன் நடந்துபோகிற பாதையை ஒட்டி இருப்பவை. இவர் அந்த ரோட்டிலிருந்து ரொம்பத் தள்ளி, தெற்கே ஒதுக்குப்புறமாகக் குடியிருக்கிறார். ஆனால் ராத்திரி வானத்தில் தெரிகிற நட்சத்திரங்களில் பிரகாசத்தில் இவருக்கு இரண்டாவது ராங்க்!

பெயர்? வெள்ளைக்காரன் கனோபஸ் என்கிறான். நமக்கு ரொம்பத் தெரிந்த பெயர்தான். அகத்தியர்.

அட்ரஸ் இதுதான்

பிப்ரவரி மாதம், இரவு ஒன்பது மணி. மொட்டை மாடி. தலைக்கு மேலே கொஞ்சம் தெற்கே தள்ளி, வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். வேட்டைக்காரனின் இடுப்பு பெல்ட். அந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்துத் தென்கிழக்கே இழுத்தால், பளீரென்று ஒன்று கண்ணைக் குத்தும். அது சிரியஸ். முதல் ராங்க் அதற்குத்தான்.

இப்போது சிரியஸிலிருந்து நேரே தெற்குப் பக்கமாகக் கண்ணை இறக்குங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், ஒரு முஷ்டி சுமார் பத்து டிகிரி. அந்தக் கணக்கில் மூன்றரை முஷ்டி கீழே, தெற்குத் தொடுவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில், தன்னந்தனியாக வெள்ளை வெளேரென்று ஒருவர் நிற்பார். அவரேதான். சென்னைக்கு 24 டிகிரி உயரம். கன்னியாகுமரிக்காரர்களுக்கு ஐந்து டிகிரி போனஸ். டெல்லியில் ஒன்பது டிகிரிகூட இல்லை. அங்கே ஒரு வேப்பமரம் போதும், மறைத்துவிடும்.

டிசம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பதுக்குத்தான் கீழ்ப்பக்கத்தில் தலைகாட்டுவார். ஜனவரி ஒன்றாம் தேதி ஏழுக்கே வந்துவிடுவார். ஏப்ரல் பாதியில் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுவார். எல்லா நட்சத்திரங்களையும் போல இவரும் தினம் நாலு நிமிஷம் முன்னால் உதிக்கிறவர். முதல் நாளைவிட மறுநாள் நாலு நிமிஷம் முன்னால் ஆஜராகும் ஊழியரை எந்த ஆபீஸிலாவது பார்த்திருக்கிறீர்களா? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர் காலத்திலும் இல்லை, பயோமெட்ரிக் காலத்திலும் இல்லை.

மானேஜர் ரூம் தத்துவம்

சிரியஸுக்கு ஏன் முதல் ராங்க்? இங்கேதான் ஆபீஸ் அரசியல் வருகிறது.

நமக்கும் சிரியஸுக்கும் தூரம் 8.6 ஒளி ஆண்டு. கனோபஸுக்குச் சுமார் 310. சிரியஸின் சொந்தப் பிரகாசம் சூரியனைப் போல 25 மடங்கு. கனோபஸின் பிரகாசம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்! மானேஜர் ரூமுக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெரிய ஆளாகத் தெரிவாரே, அந்தக் கதைதான். நிஜமான வேலைக்காரர் எங்கோ பிராஞ்சில், காற்றாடி ஓடாத மூலையில் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கனோபஸைத் தூக்கிவந்து சிரியஸ் இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? வெள்ளிக் கிரகத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல் ஜொலிக்கும். அமாவாசை ராத்திரியிலும் நம் நிழல் தரையில் விழும்.

உடம்பும் லேசுப்பட்டதல்ல. சூரியனின் குறுக்களவைப் போல எழுபது மடங்குக்கு மேல். சூரியனை எடுத்துவிட்டு இவரை அங்கே உட்கார வைத்தால், புதன் கிரகத்தின் பாதை வரைக்கும் இவர் தொப்பைதான். வானவியல் பாஷையில் 'பிரகாச ராட்சசன்' என்ற ஜாதி. மேல்பரப்பின் சூடு ஏழாயிரம் டிகிரி செல்சியஸ் சுமார். சூரியனுக்கு ஐந்தாயிரத்து ஐந்நூறு. அந்தச் சூட்டினால்தான் மஞ்சள் கலக்காத வெள்ளை.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் ஞாபகம் வரும். கனோபஸின் முதல், அதாவது எடை, சூரியனைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு. செலவு பத்தாயிரம் மடங்கு. இந்தக் கம்பெனி எத்தனை நாள் ஓடும்? சூரியனின் ஆயுள் ஆயிரம் கோடி வருடம். இவருக்குச் சில கோடிகள்தான். சிக்கனமாக எரிகிறவன் நாள்படக் கடை நடத்துகிறான். ஊரே பார்க்க எரிகிறவன் சீக்கிரம் கடையைக் கட்டுகிறான். கல்யாண மண்டபத்து சீரியல் செட் பில்லைப் பார்த்த எந்த அப்பாவுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தூரம் 310 ஒளி ஆண்டு என்றேன் அல்லவா? இன்றைக்கு உங்கள் கண்ணில் விழுகிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பிச் சுமார் 310 வருடம் ஆகிறது. செஞ்சிக் கோட்டை தேசிங்கு ராஜா 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிரை விட்டாரே, ஏறக்குறைய அந்தச் சமயத்தில் போஸ்ட் பண்ணிய கடிதம். 1715-ல் தரங்கம்பாடியில் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக்கொண்டிருந்தபோது பாதி வழிகூட வந்திருக்காது. தபால் இலாகாவை இனிமேல் திட்டாதீர்கள்.

இந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கவே விஞ்ஞானிகள் திண்டாடிப் போனார்கள். ஒருத்தர் 96 ஒளி ஆண்டு என்றார், இன்னொருத்தர் 1,200 என்றார். நிலப் புரோக்கர்கள்கூட இவ்வளவு வித்தியாசமாகச் சொல்ல மாட்டார்கள். 1989-ல் ஐரோப்பியர்கள் ஏவிய ஹிப்பார்கஸ் என்ற செயற்கைக்கோள் அளந்து சொன்ன பிறகுதான் பஞ்சாயத்து முடிந்தது.

தப்பும் தப்பும் சேர்ந்தால் ரைட்டு!

இரண்டாயிரம் வருடங்களுக்கு முன், இதே நட்சத்திரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டார் ஒரு கிரேக்கர். பெயர் பொசிடோனியஸ். ரோட்ஸ் தீவிலிருந்து பார்த்தால் கனோபஸ் தொடுவானத்தை உரசிவிட்டுப் போய்விடும். எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் ஏழரை டிகிரி உயரம் ஏறும். முழு வட்டமான 360-ல் ஏழரை என்பது 48-ல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் நடுவில் 5,000 ஸ்டேடியா தூரம் என்று கேள்வி. அப்படியானால் பூமியின் சுற்றளவு 48 இன்ட்டு 5,000. ஆக 2,40,000 ஸ்டேடியா!

ஒரு ஸ்டேடியம் எத்தனை மீட்டர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் அடிதடி. எப்படிப் பார்த்தாலும் நிஜமான 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில்தான் வருகிறது. பலே!

ஆனால் வேடிக்கை என்னவென்றால், கணக்கில் இரண்டு தப்பு. கோணம் ஏழரை டிகிரி இல்லை, ஐந்து சொச்சம்தான். தூரமும் 5,000 இல்லை, அதைவிடக் குறைவு. இரண்டுமே ஒரே பக்கம் கூடிப்போனதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது. அக்கவுண்டன்ஸி வாத்தியார் இதற்கு 'காம்பென்ஸேட்டிங் எரர்' என்பார். டிரையல் பாலன்ஸ் டாலி ஆகும், உள்ளே புழு நெளியும்.

பின்னால் வந்தவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக ஒரு தப்பை மட்டும் திருத்தினார்கள். தூரம் 3,750 ஸ்டேடியா என்று. கோணத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். விளைவு, பூமி 1,80,000 ஸ்டேடியாவாகச் சுருங்கிப்போனது. அந்தச் சின்ன பூமியைத்தான் டாலமி தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பூமி சின்னதுதான், மேற்கே போனால் சீக்கிரம் ஆசியா வந்துவிடும் என்று நம்பிக் கப்பல் ஏறினவர்களில் ஒருவர் கொலம்பஸ். 1492-ல் நடுவில் ஒரு கண்டம் குறுக்கே வந்திராவிட்டால் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கதை முடிந்திருக்கும். ஆகவே, கணக்கைத் திருத்துவதானால் முழுசாகத் திருத்துங்கள். ஆடிட்டர்கள் கவனிக்க!

'சுஹைல் வந்துருச்சுண்ணே!'

அரேபியர்கள் இவரை சுஹைல் என்கிறார்கள். சுஹைல், சொஹைல் என்று பெயர் வைத்திருக்கும் நண்பர்கள் உங்கள் ஆபீஸிலேயே இருப்பார்கள். கத்தார் நாடு 2013-ல் ஏவிய செயற்கைக்கோளின் பெயர் எஸ்ஹைல்-1. அதுவும் இவர் பெயர்தான்.

என் சித்தப்பா பையன் ஒருத்தன் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருக்கிறான். சாரம் கட்டுகிற உத்தியோகம். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நடுப்பகலில் வெட்டவெளி வேலைக்குத் தடை. வெயில் அப்படி. இரும்புக் குழாயைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அதோடு போய்விடும் என்பான். போன ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் விடியற்காலை போன் அடித்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டு போன் என்றால் வயிற்றில் புளி கரைக்குமா கரைக்காதா?

"என்னடா, உடம்பு கிடம்பு...?"

"அதெல்லாம் இல்லண்ணே. சுஹைல் வந்துருச்சுண்ணே!"

"யாருடா அது, புது ஃபோர்மேனா?"

"நட்சத்திரம்ணே! எங்க டிரைவர் அரபிக்காரரு காட்டினாரு. இனிமே வெயில் இறங்கிரும். ராத்திரி ரூமுக்கு வெளியில உட்காந்து காத்து வாங்கலாம்."

ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி, கிழக்கு வெளுப்பதற்குச் சற்று முன்னால், வளைகுடா நாடுகளில் இந்த நட்சத்திரம் மறுபடி முதல்முதலாகக் கண்ணில் படும். அன்றைக்கே குளிர்ந்துவிடாது. ஆனால் கோடையின் முதுகு முறிந்தது என்று அர்த்தம். ஏ.ஸி. ரூமில் இருப்பவனுக்கு அது பொது அறிவுத் துணுக்கு. சாரத்தின் மேல் நிற்பவனுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிய சேதி. அன்றைக்கு அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த போனிலும் கேட்டதில்லை.

சீனாக்காரர்களுக்கு இவர் 'தென் துருவக் கிழவர்'. நீண்ட ஆயுள் தருகிற தாத்தா. அவர்களின் பழைய தலைநகரங்களில் தொடுவானத்துக்கு மேலே இரண்டு மூன்று டிகிரிதான் எழும்புவார், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. பார்த்தாலே பாக்கியம் என்று கும்பிட்டார்கள். நமக்கு ராத்திரிக்கு ஒன்பதரை மணி நேரம், 24 டிகிரி உயரத்தில், டிக்கெட் இல்லாமல் தரிசனம். பார்க்கத்தான் ஆளில்லை.

பட்டிமன்றத்துக்கு ஒரு பாயின்ட்

சரி, நம் ஆளுக்கு வருவோம். அகத்தியர் கதை உங்களுக்குத் தெரியும். கைலாசத்தில் கல்யாணம், கூட்டம் தாங்காமல் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, 'நீர் போய் பாலன்ஸ் பண்ணும்' என்று குறுமுனிக்கு டிரான்ஸ்பர் ஆர்டர். வழியில் விந்திய மலையைக் குனிய வைத்து, 'நான் திரும்பி வரும்வரை இப்படியே இரு' என்று சொல்லிவிட்டு, திரும்பவே இல்லை. கமண்டலத்தைக் காகம் தட்டிவிட, காவிரி. கடைசியில் பொதிகை மலையில் செட்டில்.

வடக்கேயிருந்து தெற்கே நடப்பவனுக்கு, தாண்டத் தாண்ட இந்த நட்சத்திரம் உயர்ந்துகொண்டே வரும். தெற்குத் திசைக்கே அடையாளம் இவர்தான். தெற்கே போன முனிவரின் பெயரை இவருக்கு வைத்ததில் பொருத்தம் இருக்கிறது. தண்ணீர்ச் சம்பந்தமும் உண்டு. அகத்தியர் உதித்தால் கலங்கிய நீர் தெளியும் என்று ரகுவம்சத்தில் காளிதாசர் சொல்கிறார். வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதையில் இவருக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். உதயமாகும் நாள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மந்திரம் ஒன்றும் இல்லை. வட இந்தியாவில் இவர் விடியலில் தெரிய ஆரம்பிப்பது மழைக்காலம் முடிகிற செப்டம்பர் வாக்கில். மழை நின்றால் ஆறு தெளியத்தானே செய்யும்?

நம்மூரில் கதை தலைகீழ். இங்கே இவர் விடியலில் எட்டிப் பார்ப்பது ஆகஸ்ட் தொடக்கத்தைச் சுற்றி. ஆடிப்பெருக்கு சமயம். காவிரியில் புதுவெள்ளம் செக்கச்செவேலென்று கலங்கி வரும் நேரம். நமக்கு இவர் தண்ணீரைத் தெளிய வைப்பவர் அல்ல, கொண்டு வருபவர். அதாவது கர்நாடகா திறந்துவிட்டால்!

இப்போது அந்தப் பாயின்ட். பூமி, தள்ளாடுகிற பம்பரம் மாதிரி. அதன் அச்சு ஒரு சுற்றுத் தள்ளாடி முடிக்கச் சுமார் 26,000 வருடம். அதனால் நட்சத்திரங்கள் மெல்ல மெல்ல வடக்கும் தெற்குமாக நகர்வதுபோல் தெரியும். சுமார் 14,000 வருடங்களுக்கு முன் நீங்கள் சென்னையில் நின்றிருந்தால், அகத்தியர் தொடுவானத்துக்கு மேலே வந்திருக்கவே மாட்டார். அதற்குப் பிறகு மெதுவாக மேலே ஏறினார். முதலில் தமிழ்நாடு, பிறகு ஆந்திரா, அப்புறம் விந்தியம், கடைசியில் டெல்லி என்று ஆயிரக்கணக்கான வருடங்களில் ஒவ்வொரு ஊராகக் கண்ணில் பட்டார்.

கவனித்தீர்களா? புராணத்து அகத்தியர் வடக்கேயிருந்து தெற்கே வந்தார். வானத்து அகத்தியர் தெற்கேயிருந்து வடக்கே போயிருக்கிறார்! அகத்தியர் எந்த ஊர்க்காரர் என்று நடக்கும் பட்டிமன்றத்துக்கு இது தீர்ப்பாகாது. நட்சத்திரம் வேறு, சரித்திரம் வேறு. ஆனால் 'வந்தவர்களெல்லாம் வடக்கேயிருந்தே வந்தார்கள்' என்று அடித்துப் பேசுகிறவரிடம் நைஸாக எடுத்துவிடலாம். இரண்டு நிமிஷமாவது வாயடைத்துப் போவார்.

இன்னொன்று. இவர் ஏற்றத்தின் உச்சியைத் தொட்டது சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன், சோழர் காலத்தில். அதற்குப் பிறகு இறங்கியது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதாவது, மொத்தம் 26,000 வருடத்தில் அகத்தியர் நமக்கு நன்றாகத் தெரிகிற காலத்தில் நாம் பிறந்திருக்கிறோம். கி.பி. 14,000 வாக்கில் தென் துருவத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வார். அப்போது சென்னைக்காரனுக்கு இவர் வெறும் பெயர்தான்.

செவ்வாய்க்கு வழிகாட்டி

கிரேக்கக் கதையில் கனோபஸ் ஒரு மாலுமி. டிராய் யுத்தம் முடிந்து மெனெலாஸ் ராஜாவின் கப்பலை ஓட்டியவன், எகிப்தில் இறந்துபோனான். பெயர் ராசியோ என்னவோ, இன்றைக்கும் அதே வேலைதான். கப்பல்தான் மாறிவிட்டது.

1964 நவம்பர் 28-ம் தேதி அமெரிக்கா செவ்வாய்க்கு மாரினர்-4 கலத்தை அனுப்பியது. விண்வெளியில் மேலே கீழே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று தெரிய இரண்டு அடையாளம் வேண்டும். ஒன்று சூரியன். இரண்டாவது, சூரியனுக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் எப்போதும் இருக்கிற, தப்பாமல் அடையாளம் தெரிகிற ஒரு பெரிய வெளிச்சம். சந்திரன் போகிற ரோட்டிலிருந்து ஒதுங்கி நிற்கிறார் என்று ஜோசியர்கள் ஒதுக்கிய அதே காரணத்துக்காக விஞ்ஞானிகள் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்!

மாரினர்-4-ன் நட்சத்திரம் பிடிக்கும் கருவி முதலில் கண்ட கண்ட நட்சத்திரத்தையெல்லாம் இவர் என்று நினைத்துப் பிடித்தது. ஒவ்வொன்றாகத் தள்ளி, இரண்டு நாள் கழித்துத்தான் சரியான ஆளைப் பிடித்தது. பிறகு கலத்தின் பக்கத்தில் மிதந்த தூசு வெயிலில் மின்ன, 'ஆகா, இதுதான் கனோபஸ்' என்று அதன் பின்னால் போகப் பார்த்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் கோட் போட்டவனுக்கெல்லாம் கை கொடுக்கிற கதை. தரையிலிருந்து கட்டளை அனுப்பி வழிக்குக் கொண்டு வந்தார்கள். 1965 ஜூலையில் செவ்வாயைக் கிட்டேயிருந்து எடுத்த முதல் படங்கள் கிடைத்தன. இருபத்தொன்றும் இன்னொன்றில் கொஞ்சமும். 1977-ல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களிலும் இவரைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ள ஒரு கருவி வைத்திருந்தார்கள்.

மறைப்பது யார்?

ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்தார்களே, ஏன்? பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். இமயமலையில் கிடைக்காத தெற்கு நமக்கு வீட்டு வாசலில். அதைத்தான் சோடியம் விளக்கும், எல்.ஈ.டி. ஹோர்டிங்கும் வைத்து அழித்துக்கொண்டிருக்கிறோம். நகரத்தில் சின்ன நட்சத்திரங்கள் எப்போதோ காணாமல் போய்விட்டன. அகத்தியர் தைரியசாலி, தாக்குப் பிடிக்கிறார். ஆனால் அவர் நிற்பது தாழ்வான இடம். தெற்கே ஒரு அபார்ட்மென்ட் முளைத்தால் போதும். கி.பி. 14,000 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த வருஷமே அவர் உங்களுக்கு வெறும் பெயர்தான்.

அதற்குள் ஒருமுறை உங்கள் வீட்டு வாண்டுவை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். பேரைச் சொல்லுங்கள். தாத்தாவுக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரிந்தது, அந்தக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டால் போதும். அதுதான் பிக்ஸட் டெபாசிட்டில் போட முடியாத சொத்து. செலவு, பத்து நிமிஷமும் கொஞ்சம் கொசுக்கடியும்.

'நான் திரும்பி வரும்வரை குனிந்தே இரு' என்று அகத்தியர் சொன்னது விந்திய மலையிடம்தான். நம்மிடம் அல்ல. செல்போனைப் பையில் போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்துங்கள் ஸார்... வருஷா வருஷம் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறார்!